வாலிபர்க்கு வழித்துணை: டொன் பொஸ்கோ அடிகளார்

குழந்தைக்கு இரங்காதார் உலகில் அரியர். தாயை இழந்த மகவொன்று தெருவோரத்தில் அழுதுநின்றால், அவ்வழிச் செல்லும் வன்னெஞ்சரும் ஒரு கணம் நின்று, கையிலுள்ளதைக் கொடுத்தே அப்பாற் செல்வர். ஆனால் அம்மகவே வளர்ந்து, மீசை அரும்பி, வேலையின்றி அதே தெருவோரத்தில் நின்றால் அவனுக்கு இரங்குவார் எத்தனை பேர்? அவனைக் கண்டு ஒதுங்கிச் செல்வாரே பலர். பசி இருவர்க்கும் ஒன்றே. தனிமையும் இருவர்க்கும் ஒன்றே. வயது மட்டுமே வேறு. அவ்வயது வேற்றுமையினால் மக்கள் மனத்திலே இரக்கம் வற்றிவிடுகின்றது.

ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் இல்லங்கள் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பல உள. அன்பர்கள் மனமுவந்து அளிக்கும் பொருளைக் கொண்டு அவை பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கல்வியும் கொடுக்கின்றன. ஆயினும் 18 வயதளவில் இல்லத்தின் வாயில் அவர்களுக்குப் பின்னே சாத்தப்படுகின்றது. ஒரு பெட்டியையும் ஒரு சான்றிதழையும் ஏந்திக்கொண்டு இளைஞன் வெளியே வருகின்றான். பெற்றோருள்ள பிள்ளைக்கு வேலை போனால் திரும்புவதற்கு வீடு உண்டு. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கொடுக்கத் தாய் உண்டு. முதலாளி சம்பளத்தைக் கொடாது ஏய்த்தால், போய்க் கேட்க மாமனோ சிறியதந்தையோ உண்டு. இவனுக்கு யார் உளர்? இந்தக் கேள்விக்கு விடை காணாத தொண்டு, பாடுபட்டு விதைத்த பயிருக்குக் குடலைப் பருவத்திலே நீரை மறித்துவிடுவதை ஒக்கும்.

இக்கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே கேட்டு, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டு எழுத முற்படுகின்றோம். அவர் இத்தாலி நாட்டுக் கத்தோலிக்க குருவாகிய ஜொவான்னி பொஸ்கோ அடிகளார். 'டொன்' என்பது அந்நாட்டிலே குருமாரை மரியாதையாக அழைக்கும் அடைமொழி. ஆதலால் டொன் பொஸ்கோ என்றே உலகம் அவரை அறியும். அவர் சமயம் வேறு; எமது சமயம் வேறு. எனினும், ஆதரவற்றோர்க்குச் செய்யுந் தொண்டு இறைவனுக்குச் செய்யுந் தொண்டேயாம் என்பது எமது முன்னோர் காட்டிய நெறி. அத்தொண்டு எங்கு நடைபெற்றிருப்பினும் அதனை அறிந்துகொள்ளுதல் எமக்கு உரிமையும் கடமையுமாகும்.

பிறப்பும் இளமையும்

வட இத்தாலியிலே பீட்மொன்ட் மாநிலத்தில், தூரின் நகருக்குக் கிழக்கே, பெக்கி என்றொரு சிற்றூர் உளது. சில வீடுகளே கொண்ட அக்குக்கிராமத்திலே, 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16ஆந் திகதி, ஏழை உழவர் குடும்பமொன்றில் ஜொவான்னி பிறந்தார். 1817இல் தந்தையார் கடுங் காய்ச்சலால் இறந்தார். அப்போது குழந்தைக்கு 2 வயதும் நிறையவில்லை. தாயார் மார்கெரீத்தா எழுத்தறியாதவர். ஆயினும் மனவுறுதியிற் சிறந்தவர். அவ்வாண்டிலே அந்நாட்டைப் பஞ்சமும் பற்றியது. தாம் பெற்ற மைந்தர் இருவர், கணவரின் முதற்றாரத்து மகன், நோயுற்ற மாமியார் ஆகிய அனைவரையும் அவ்வம்மையார் தமது உழைப்பினாலே காத்துவந்தார்.

சிறுவன் ஜொவான்னிக்குப் படிப்பிலே தீராத ஆசை. மூத்தவனாகிய அந்தோனியோவோ, மண்வெட்டி பிடிக்க வேண்டிய கைக்கு ஏடு எதற்கென்று சினந்தான். வீட்டிலே நாள்தோறும் சண்டை மூண்டது. வேறு வழி காணாத தாயார், 1828ஆம் ஆண்டு மாரிகாலத்திலே, 12 வயதே நிரம்பிய மகனை ஒரு துணிமூட்டையோடு வெளியே அனுப்பினார். அவன் வீடு வீடாக வேலை கேட்டுச் சென்று, ஈற்றிலே மொலியா என்னும் குடும்பத்தாரின் பண்ணையிலே மாடு மேய்க்கும் வேலைக்கமர்ந்தான். ஏறக்குறைய 2 ஆண்டு அங்கே கழிந்தது. பிறர் வாசலிலே வேலை கேட்டு நிற்கும் பிள்ளையின் மனம் எப்படியிருக்குமென்பதைப் பிற்காலத்தில் அவர் எந்நூலையும் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

வீடு திரும்பிய பின்னர், கலோஸ்ஸோ என்னும் முதிய குருவானவர் ஒருவர் இச்சிறுவனின் ஞாபகசக்தியைக் கண்டு வியந்து, தாமே இலத்தீன் கற்பித்து, மேற்படிப்புக்கும் உதவுவதாக வாக்களித்தார். தந்தை முகமறியாத பிள்ளைக்குத் தந்தையொருவர் கிடைத்தார் என்றே சொல்லவேண்டும். ஆனால் 1830ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அவர் திடீரென நோய்வாய்ப்பட்டு இறந்தார். பேச்சற்றுக் கிடந்த அந்நேரத்திலே தமது பணப்பெட்டியின் திறப்பை ஜொவான்னியின் கையிலே கொடுத்துச் சைகை காட்டினாராம். அப்பணம் தனக்கே என்று கொள்ள இடமிருந்தும், உறவினர் வந்தபோது சிறுவன் அத்திறப்பை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டான். பணத்தை இழந்தது அவனை வருத்தவில்லை. துணையை இழந்ததே வருத்தியது. நெடுநாள் அத்துயரிலிருந்து அவன் மீளவில்லை.

அதன்பின் படித்த காலமெல்லாம் உழைத்தே படித்தார். கஸ்தெல்நுவோவிலே தையற்காரர் ஒருவர் வீட்டிலே தங்கித் தையல் கற்றார். கொல்லுப்பட்டறையிலே சம்மட்டி பிடித்தார். கியேரி நகரிலே கோப்பிக்கடையொன்றிலே பணியாளாகி, மாடிப்படியின் கீழே ஒடுங்கிய மூலையொன்றிலே படுத்துறங்கிக்கொண்டு, பகலிலே பாடசாலை சென்றார். இவ்வாறு கற்ற தொழில்கள் யாவும் பின்னொரு காலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பயன்படப்போவதை அன்று அவர் அறிந்திலர். 1835இல் குருமடஞ் சேர்ந்து, 1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி குருப்பட்டம் பெற்றார்.

சிறைச்சாலை புகட்டிய பாடம்

அக்காலத்துத் தூரின் நகரம் விரைந்து வளர்ந்துகொண்டிருந்தது. புதிய வீதிகளும் மாளிகைகளும் தொழிற்சாலைகளும் எழும்பின. மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழைச் சிறுவர்கள் கூட்டங் கூட்டமாக வந்து, மேசன்மார்க்குக் கல்லுஞ் சாந்துஞ் சுமந்தார்கள், புகைபோக்கிகளைத் துடைத்தார்கள், தெருவுக்குக் கல் பரப்பினார்கள். அவர்களுட் பலருக்குத் தாய் தந்தையர் இல்லை. இருந்தோரும் தொலைவிலே இருந்தனர். வேலை உள்ள நாளிலே அரை வயிற்றுச் சோறு. இல்லாத நாளிலே தெரு.

இளங்குருவாகத் தூரினுக்கு வந்த டொன் பொஸ்கோவை, அவருடைய ஊரவரும் வழிகாட்டியுமாகிய கபாஸ்ஸோ அடிகளார் நகரத்துச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள், உடல் வலிமையும் அறிவுக் கூர்மையும் உடையவர்கள், பூச்சிகள் மொய்க்க, உண்ண உணவின்றி அங்கே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு அவர் நடுநடுங்கினார். அதைவிட அவர் மனத்தைக் குத்தியது வேறொன்று. தண்டனை முடிந்து, இனி நன்றாக வாழ்வோமென்று உறுதிபூண்டு விடுதலையான பிள்ளைகள், சில நாளிலே மீண்டும் அதே சிறைக்குத் திரும்பி வந்தார்கள். ஏன் இவ்வாறு நிகழ்கின்றதென்று ஆராய்ந்த அடிகளார் காரணத்தைக் கண்டுகொண்டார். அவர்கள் மனம் கெட்டவர்களல்லர். வெளியே வந்த நாளிலே அவர்களை எதிர்கொள்ள ஒருவரும் இல்லை என்பதே காரணம். விடுதலையான பிள்ளைக்கு வேலை தேடிக்கொடுத்து, ஞாயிறு தோறும் கண்டு பேசி, தவறினால் திருத்தி, நோயுற்றால் பார்த்துவர நண்பரொருவர் இருந்தால் அவன் திரும்பவும் சிறைக்கு வரமாட்டான் என்று அவர் தெளிந்தார். அவர் ஆயுள் முழுவதும் செய்த தொண்டுக்கெல்லாம் வித்து இவ்வொரு தெளிவேயாகும்.

ஒரு விசிலிலே தொடங்கிய சங்கம்

1841ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி. தூரின் நகரத்துத் தேவாலயமொன்றிலே அடிகளார் பூசைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்த பையனொருவனை, பூசைக்கு உதவத் தெரியாதவன் இங்கே எதற்கு என்று கோயிற் பணியாளன் தடியாலடித்து விரட்டினான். அடிகளார் அதைக் கண்டு, தமது நண்பனை ஏன் அடிக்கின்றாயென்று பணியாளனைக் கடிந்து, பையனைத் திரும்ப அழைப்பித்தார். அவன் பெயர் பர்த்தொலொமேயோ கரெல்லி. வயது 16. அஸ்தி நகரைச் சேர்ந்த மேசன் தொழிலாளி. தாயுமில்லை, தந்தையுமில்லை. எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றே தலைகுனிந்து விடை சொன்னவனை, விசிலடிக்கத் தெரியுமா என்று அடிகளார் கேட்டார். அப்போதுதான் பையன் முகத்திலே புன்னகை தோன்றியது. தன்னாலாகாதவற்றையே எண்ணிக் கூசி நின்றவனுக்குத் தன்னாலாகும் ஒன்றை நினைவூட்டிய அந்தச் சாமர்த்தியத்தை நாம் கவனித்தல் வேண்டும்.

அடுத்த ஞாயிறு கரெல்லி தன் தோழரோடு வந்தான். நாளடைவிலே நூற்றுக்கணக்கானோர் கூடினர். வழிபாடு, விளையாட்டு, பாட்டு, எழுத்து, கணக்கு ஆகிய யாவும் கலந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. ஆலைமுற்றம், பழைய மயானத்தை அடுத்த கோயில், புல்வெளி என்று இடம் மாறி மாறி அலைந்தார்கள். சத்தந் தாங்காத அயலவர் முறையிட்டனர். இத்தனை தொழிலாளிப் பிள்ளைகளை ஒருவர் கூட்டுவது கலகத்துக்கோ என்று நகர அதிகாரிகள் ஐயுற்றனர். சக குருமார் சிலர், அடிகளார்க்குச் சித்தம் பேதலித்துவிட்டதென்றே முடிவுகட்டினர். இருவர் வண்டியொன்று கொண்டுவந்து, உலாவப் போவோமென்று அழைத்தனர். அவ்வண்டி பைத்தியசாலைக்கே போகுமென்பதை உணர்ந்த அடிகளார், பெரியோராகிய அவர்களை முதலில் ஏறும்படி பணிவோடு வேண்டி, ஏறியதும் கதவைச் சாத்தி, விரைந்தோட்டும்படி வண்டிக்காரனை ஏவிவிட்டாராம். பைத்தியசாலையார் அவ்விருவரையுமே வரவேற்றனர்!

1846ஆம் ஆண்டு ஏப்ரிலிலே, வல்தொக்கோ என்னும் புறநகரிலே பினார்தி என்பவருக்குரிய தாழ்வான கொட்டில் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாதென்று மாலை வகுப்புகளும் வைத்தார். 1850 முதல் அந்நாட்டிலே பழைய அளவைகள் நீங்கி மீற்றர் அளவை சட்டமாயிற்று. புதிய அளவை தெரியாத தொழிலாளி ஏமாற்றப்படுவான் என்றுணர்ந்த அடிகளார், அதனை எளிதாக விளக்கும் சிறு நூலொன்றை எழுதி மாலை வகுப்பிலே கற்பித்தார். கிழமை நாட்களிலே சாரங் கட்டிய கட்டிடங்களுக்கும் பட்டறைகளுக்கும் தாமே நடந்துசென்று, தம் பிள்ளைகள் என்ன வேலை செய்கின்றார்கள், முதலாளி எப்படி நடத்துகின்றார் என்று விசாரித்து வந்தார். அங்கி தரித்த குருவானவர் ஒருவர் சாந்துத் தொட்டி சுமக்கும் பையனைத் தேடிவந்து சுகம் விசாரிப்பது அந்நகரம் அதுவரை காணாத காட்சி. ஓய்வற்ற உழைப்பினால் அவ்வாண்டு ஜூலையிலே அவர் மரணப் படுக்கையில் வீழ்ந்தபோது, அப்பிள்ளைகள் வேலைக் களைப்போடு விரதமிருந்து இறைவனை வேண்டினார்கள்.

தாயாரின் அடுக்களை

பிழைத்தெழுந்த அடிகளார், 1846ஆம் ஆண்டு நவம்பரிலே தமது முதிய தாயாரையும் அழைத்துக்கொண்டு வல்தொக்கோவுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். பேரப்பிள்ளைகளோடு அமைதியாக வாழ்ந்த 58 வயது அம்மையார், மகனுடைய தொண்டுக்காகத் தமது திருமணப் புடவைகளையும் கழுத்து நகையையும் விற்றார்.

வீடற்ற இளைஞரைத் தங்கவைக்கும் முதல் முயற்சி தோல்வியிலே முடிந்தது. வைக்கோற் பரணிலே இடங்கொடுத்த சில வாலிபர், விடியுமுன்னே போர்வைகளையுஞ் சுருட்டிக்கொண்டு மறைந்தனர். வேறொருவராயின் இனி இவ்வேலை வேண்டாமென்று கதவை அடைத்திருப்பர். 1847ஆம் ஆண்டு மே மாதத்து மழையிரவு ஒன்றிலே, 15 வயதளவான அநாதைப் பையனொருவன் நனைந்து நடுங்கிக் கதவைத் தட்டினான். வல்செசியாப் பள்ளத்தாக்கிலிருந்து வேலை தேடி வந்தவன். கொண்டுவந்த சிறு பணமும் செலவாகிவிட்டது. முன்னைய அனுபவத்தை எண்ணித் தாயார் தயங்கினாராயினும், செங்கற்களை அடுக்கி, பலகை போட்டு, அடுக்களையிலே அவனுக்குப் படுக்கை அமைத்துக்கொடுத்தார். உழைப்பினதும் நேர்மையினதும் சிறப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் சொல்லித் துயிலச் செய்தார். மறுநாள் போர்வையும் இருந்தது, பையனும் இருந்தான். அவனே அவ்வில்லத்தின் முதற்பிள்ளை. அன்றுதொட்டு இரவு துயிலுமுன் சில நல்வார்த்தை சொல்லும் வழக்கம் அங்கே நிலைத்தது.

அம்மையாரும் மனிதப் பிறவியே. ஒருநாள், அரும்பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தைப் பிள்ளைகள் போர் விளையாட்டிலே மிதித்தழித்துவிட்டதைக் கண்டு பொறுக்காமல், ஊருக்கே திரும்பிப் போகின்றேனென்று மகனிடம் முறையிட்டார். அடிகளார் ஒன்றும் பேசாது, சுவரிலே தொங்கிய சிலுவையைச் சுட்டிக்காட்டினார். அம்மையார் கண்கலங்கி, மீண்டும் அடுக்களைக்குச் சென்று அடுப்பை மூட்டினார். 1856ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி கண்மூடும்வரை அவர் அந்த வீட்டை விட்டகலவில்லை. பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, அங்கு தங்கிய பிள்ளைகள் யாவருக்கும் அவரே அம்மாவாயினார்.

முத்திரைத்தாளில் எழுதிய அன்பு

இனி நாம் சொல்லப்புகுவது அடிகளாரின் தொண்டிலே மிக நுட்பமான பகுதி. அக்காலத்திலே தொழில் பழகச் சென்ற ஏழைப் பையன் முதலாளிக்கு ஏறக்குறைய அடிமையே. தச்சுத்தொழில் பழகவென்று சேர்ந்தவன் முதலாளியின் வீட்டிலே தண்ணீர் அள்ளுவான், குழந்தையைச் சுமப்பான், கடைக்கு ஓடுவான், அடியும் உண்பான். ஆண்டுகள் சில கழிந்தபின் தொழில் ஒன்றும் தெரியாமலே வெளியேறுவான். தகப்பன் உள்ளவனுக்குக் கேட்க ஆளுண்டு. அநாதைக்கு யார் கேட்பது?

அடிகளார் தாமே கேட்டார். வாய்வார்த்தையாகக் கேட்டு விடவில்லை. 1851ஆம் ஆண்டு நவம்பரிலே கண்ணாடித் தொழிலாளர் ஒருவரோடும், 1852ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி தச்சுத்தொழில் முதலாளி ஒருவரோடும், தம் பிள்ளைகளுக்காக ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். அவ்வொப்பந்தங்கள் இன்றும் பேணப்பட்டுள்ளன. அவற்றின் விதிகளைச் சுருக்கிச் சொல்வோம். குறித்த ஆண்டுக்குள் முதலாளி பையனுக்குத் தொழிலை முறையாகக் கற்பித்தல் வேண்டும். அத்தொழிலுக்குப் புறம்பான வேலை எதனையும் அவனிடம் வாங்கலாகாது. தவறு செய்தாற் சொல்லாலே திருத்தலாமன்றி அடிக்கலாகாது. காலஞ் செல்லச் செல்லச் சம்பளம் இவ்வளவு உயரவேண்டும் என்ற திட்டம் உண்டு. ஞாயிறும் திருநாளும் ஓய்வு. ஆண்டுக்கு 15 நாள் விடுமுறை. மறுபக்கத்திலே, பையன் கீழ்ப்படிந்து நேர்மையாக உழைப்பான் என்பதற்கு அடிகளார் தாமே பொறுப்பேற்றார்.

அன்பர்களே, இதனைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். இரக்கம் கண்ணீரோடு நின்றிருந்தால் அப்பிள்ளைகளுக்கு ஒரு பலனும் விளைந்திராது. அடிகளார் தமது அன்பைத் திகதியும் தொகையும் கையொப்பமும் உடைய பத்திரமாக மாற்றினார். பெற்ற தகப்பன் செய்திருக்க வேண்டிய காரியத்தைத் தகப்பனின் இடத்திலே நின்று செய்தார். முதலாளியையும் பகைக்கவில்லை, பிள்ளைக்கும் செல்லங் கொடுக்கவில்லை. இருவர் கடமையையும் இருவர்க்கும் தெரிய எழுதிவைத்தார். அவ்வளவே.

சேமநிதியும் தொழிற்கூடங்களும்

இதற்கு முன்னரே, 1850ஆம் ஆண்டு ஜூன் 1ஆந் திகதி, தொழிலாளி இளைஞர்களுக்கென்று பரஸ்பர உதவிச் சங்கமொன்றை அவர் தொடக்கிவைத்தார். அங்கத்தவன் ஞாயிறு தோறும் ஒரு சிறு காசு செலுத்தவேண்டும். 6 மாதம் கழிந்தபின் அவன் நோயுற்றுக் கிடந்தால் நாளுக்கு 50 சென்ரிமி உதவி கிடைக்கும். இதிலே அடங்கிய கருத்தை இளைஞர்கள் நன்கு உணரவேண்டும். இல்லத்திலே வளர்ந்த பிள்ளை வாங்கியே பழகியவன். அவன் வெளியுலகிலே நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் கொடுக்கவும் பழகவேண்டும். தன் சிறு காசினால் தோழன் நோய்ப்படுக்கையிலே மருந்துண்டான் என்று அறிந்த இளைஞன் தன்னை இனி அநாதையென்று எண்ணமாட்டான்.

பட்டறைகளிலே பிள்ளைகள் கண்ட தீய பழக்கங்களையும், கேட்ட இழிமொழிகளையும் கண்டு வருந்திய அடிகளார், 1853இலே இல்லத்துக்குள்ளேயே சப்பாத்துத் தைத்தல், தையல் ஆகிய இரு தொழில்களைத் தொடங்கினார். பண்டு தையற்காரர் வீட்டிலே கற்றது இப்போது கைகொடுத்தது. 1854இலே புத்தகங் கட்டுதல், 1856இலே தச்சுவேலை, அதன்பின் அச்சுக்கூடம், இரும்பு வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. கற்கும் ஆற்றலுள்ளோர்க்குக் கல்விக்கூடமும் அமைந்தது. 1860களிலே பல நூறு பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தனர்.

1854ஆம் ஆண்டு கோடையிலே தூரின் நகரத்தை வாந்திபேதி நோய் தாக்கியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டோடிய அந்நாளிலே, அடிகளார் கேட்டவுடன் முதலில் 14 இளைஞரும் பின்னர் 30 பேரும் முன்வந்து, வீடு வீடாகச் சென்று நோயாளரைத் தூக்கினர், பணிவிடை செய்தனர். நேற்று வரை நகரத்தார் கண்டு ஒதுங்கிய தெருப்பிள்ளைகள் இவர்களே. அன்று நகரம் அவர்களை நன்றியோடு நோக்கியது.

பிள்ளைகளை அவர் நடத்திய முறையை 1877இலே சிறு கட்டுரையாக எழுதிவைத்தார். தவறு செய்தபின் தண்டிப்பதைவிட, தவறுக்கு இடமின்றி உடனிருந்து காப்பதே மேல் என்பது அதன் சாரம். அறிவுக்குப் பொருந்தும்படி எடுத்துரைத்தல், இறைபக்தி, கனிந்த அன்பு ஆகிய மூன்றுமே அம்முறையின் தூண்கள். பிள்ளையை நேசித்தால் மட்டும் போதாது; தான் நேசிக்கப்படுவதை அவன் உணரவும் வேண்டும் என்பதை அவர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தி வந்தார்.

திரும்பி வந்த பிள்ளைகள்

கார்லோ கஸ்தீனி என்பவன் ஒரு நாவிதர் கடையிலே தொழில் பழகிய சிறுவன். அடிகளார் ஒருநாள் அக்கடைக்குச் சென்று, பழக்கமற்ற அச்சிறுவனிடமே முகத்தைக் கொடுத்து, வலியைப் பொறுத்துச் சவரஞ் செய்வித்து, அவனுடைய நட்பைச் சம்பாதித்தார். பின்பு அவன் தாயையும் இழந்து, வேலையும் போய், அழுதுகொண்டு தெருவிலே நின்றபோது கண்டு, தம் இல்லத்துக்கு அழைத்துவந்தார். அவன் அங்கே புத்தகங் கட்டுந் தொழிலைக் கற்றுத் தேர்ந்து மனிதனானான்.

1870ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி, அடிகளாரின் பெயர்த் திருநாளன்று, இந்தக் கஸ்தீனி தன்னைப்போல இல்லத்தை விட்டு வெளியேறித் தொழில் செய்து வாழ்ந்த பழைய மாணவர் சிலரைக் கூட்டிக்கொண்டு, தாங்கள் சேர்ந்து காசு போட்டு வாங்கிய கோப்பிக் கோப்பைகளைக் காணிக்கையாக ஏந்திவந்தான். மிகச் சிறிய பரிசு. ஆனால் அதன் பொருள் பெரிது. வெளியேறிய பிள்ளைகள் தம் வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள்; வெறுங்கையோடு வராமல், தகப்பனுக்கு மகன் கொண்டுவருவதுபோலக் கொண்டு வந்தார்கள். அடிகளார் அவர்களை ஆண்டு தோறும் அழைத்து விருந்திட்டார். ஒருவரையொருவர் கைவிடாது, வேலையற்றவனுக்கு வேலை தேடிக்கொடுத்து, நொந்தவனைத் தாங்க வேண்டுமென்று அறிவுறுத்தினார். இன்று பல நாடுகளிலே பரந்திருக்கும் டொன் பொஸ்கோ பழைய மாணவர் சங்கத்துக்கு மூலம் அந்தக் கோப்பைகளே.

அடிகளார் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி சலேசியர் சபையைத் தொடக்கியபோது அவரோடு சேர்ந்தோரிற் பெரும்பாலோர் அவரிடத்தே வளர்ந்த இளைஞரே. 1875இலே அச்சபையினர் ஆர்ஜென்டீனாவுக்குச் சென்றனர். 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி விடியற்காலையிலே, 72ஆம் வயதில், அடிகளார் தூரினிலே இறைவனடி சேர்ந்தார். 1906இலே அவருடைய சபையினர் தமிழ்கூறு நல்லுலகிலே, தஞ்சாவூருக்கு வந்து தொண்டாற்றத் தொடங்கினர். 1934இலே கத்தோலிக்க திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டமளித்தது.

நாம் கற்கவேண்டியது

இச்சரிதத்தைப் படித்து வியந்து ஏட்டை மூடிவிடுவோமாயின் எழுதியதாற் பயனில்லை. அடிகளார் பெருங் கட்டிடங்கள் எழுப்பினார். அவை எல்லோர்க்கும் கைகூடா. ஆனால் அவர் தொண்டின் உயிர்நாடி கட்டிடத்திலே இல்லை. ஒரு பிள்ளையை வேலைத்தலத்திலே போய்ப் பார்ப்பதற்குக் கட்டிடம் வேண்டியதில்லை. சம்பளம் என்ன, எழுத்திலே தந்தார்களா என்று கேட்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை. திருநாளன்று வீட்டுக்கு வா என்று அழைப்பதற்குப் பட்டம் பதவி வேண்டியதில்லை.

நமது சமூகத்திலும் போரினாலும் கடற்கோளினாலும் வறுமையினாலும் பெற்றோரை இழந்து, இல்லங்களிலே வளர்ந்து வெளியேறிய இளைஞரும் யுவதிகளும் பலர் உளர். பிறந்தநாளிலே இல்லப்பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அது நல்ல வழக்கமே, தொடர்க. ஆனால் அதே பிள்ளை 18 வயதிலே பெட்டியோடு வெளியே வரும் நாளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அன்று அவனுக்கு வேண்டியது ஒருநேரச் சாப்பாடன்று. வாடகை அறை எடுக்கும்போது கூடவந்து கையொப்பமிடும் ஒருவர் வேண்டும். வங்கிப் புத்தகம் திறக்கவும், வேலைக்கு விண்ணப்பம் எழுதவும் அருகிருந்து காட்டும் ஒருவர் வேண்டும். ஆசுபத்திரியிலே படுத்தால் பார்வையாளர் நேரத்திலே வந்து நிற்கும் ஒருவர் வேண்டும். பெண்பிள்ளையாயின், அவளுக்கு வரன் பேசும்போது பெண்வீட்டாராக முன்னிற்கும் குடும்பமொன்று வேண்டும்.

பெரியோர்களே, தொழிலிலும் உத்தியோகத்திலும் அநுபவம் பெற்ற தங்களுக்கு இது கடினமான காரியமன்று. ஒருவர் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்றாலே போதும். ஒரு மாதத்துக்கன்று; அப்பிள்ளை தன்காலில் நிற்குமளவும். இடையிலே அவன் தவறக்கூடும், நன்றி மறக்கக்கூடும், போர்வையோடு மறையவுங் கூடும். அதன்பின்னும் மழையிரவிலே கதவு தட்டப்பட்டால் திறக்கும் மனம் வேண்டும். இளைஞர்காள்! உங்கள் வயதினராகிய அவர்களை உங்கள் விளையாட்டிலும் விழாவிலும் சங்கக் கூட்டத்திலும் சமமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிதாபத்தோடன்று, தோழமையோடு. அவர்களிடமிருந்தும் சிறு காசு வாங்குங்கள், பொறுப்பையுங் கொடுங்கள்.

பொங்கலன்றும் தீபாவளியன்றும் நம் வீட்டு வாசலிலே, பரிசொன்றை ஏந்திக்கொண்டு, உரிமையோடு உள்ளே வரும் பிள்ளையொன்று நம் ஒவ்வொருவர்க்கும் உண்டாகுமாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்பதாக.